காலியாக நின்ற ஐந்தாவது கட்டம்

என்னோடு எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த முப்பது பேருக்கும் இதை எழுதுகிறேன். குரூப்பில் வாய்ஸ் மெசேஜாகப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று தடவை பேசிப் பார்த்தேன். மூன்றிலும் என் குரலைவிட, நான் வேலை பார்க்கிற இடத்தில் பின்னால் ஓடும் மெஷின்தான் தெளிவாகக் கேட்டது. அதனால் எழுத்து.

இருபத்தாறு வயதில் ஒருவன் "அந்தக் காலத்துல" என்று தொடங்கினால் சிரிப்பு வரும். சிரியுங்கள், ஆனால் கடைசிவரை படித்துவிட்டுச் சிரியுங்கள். உங்களில் பாதிப் பேர் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கிறீர்கள். இரண்டு பேர் பெங்களூரில். ஒருவர் பர்கூரில் கல் லாரி ஓட்டுகிறார். யாரும் பாட்டுக்காரர் ஆகவில்லை. அப்படியிருந்தும் இது பாட்டு வகுப்பைப் பற்றிய விஷயம்தான்.

போன மாதம் நம் பள்ளி மேலாண்மைக் குழுவில், பழைய மாணவர் என்ற இடத்தில், என்னைச் சேர்த்தார்கள். என் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இன்று அந்தப் பள்ளிக்கூடத்துக் கூட்டத்தில் எனக்கு ஒரு நாற்காலி. அப்பாவிடம் சொன்னேன். "சட்டைய இஸ்திரி போட்டுக்கினு போ" என்றார், அவ்வளவுதான்.

இந்த வாரம் நடந்த கூட்டத்தில் இப்போதைய தலைமையாசிரியை ஒரு தாளை நீட்டினார். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை, பாட்டு வகுப்பில் பிள்ளைகள் எட்ட வேண்டிய இலக்குகள். ஐந்து வரி. எதிரே டிக் அடிக்கக் கட்டங்கள். கடைசியில் ஒரு குறிப்பு: "ஐந்தையும் எட்டிய மாணவர்களை அப்பாடவேளையில் பிற பாடப் பயிற்சிக்கு அனுப்பலாம்."

"படிச்சுப் பாத்துட்டு வர்ற வெள்ளிக்கிழமை சொல்லுங்க சார்" என்றார். என்னைப் போய் சார் என்றார். அந்தத் தாளோடு பஸ் ஏறினேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி சூளகிரி வந்த பிறகுதான் வெளியே பார்த்தேன்.

அந்தக் கடைசிக் குறிப்பை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இருக்க வேண்டும். அதன் கீழேதான் நாம் அரை வருடம் இருந்தோம்.

பாட்டு டீச்சர் நினைவிருப்பார். செவ்வாயும் வியாழனும் மட்டும் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் வருவார். மற்ற நாள்களில் வேறொரு பள்ளி. மதிய மணி அடிக்கும்போது முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்குள் நுழைவார். நமக்கு அவர் பெரிய மனுஷி. இன்று கணக்குப் போட்டுப் பார்த்தால், அப்போது அவருக்கு என் இன்றைய வயதுகூட ஆகியிருக்காது.

ஜூன் மாதம் ஒரு வெளிர்நீல சார்ட்டைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நம் எல்லோருடைய பெயரும் எழுதியிருந்தது. பெயருக்கு ஐந்து கட்டம். ஏழு ஸ்வரத்தையும் ஏற்றி இறக்கிச் சொன்னால் ஒரு டிக். தொடையில் தட்டி ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைத் தப்பாமல் போட்டால் இன்னொன்று. வீட்டிலிருந்து ஒரு பாட்டு கொண்டுவந்து, எந்த மொழியானாலும் சரி, வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தால் மூன்றாவது. சரளி வரிசையை இரண்டு வேகத்தில் பாடினால் நான்காவது. ஐந்தாவது கட்டம்தான் கடினம். சுருதியோடு சேர்ந்து தனியாகப் பாட வேண்டும்.

சுருதிக்குத்தான் வழியில்லாமல் போயிற்று. டீச்சரின் சுருதிப் பெட்டி, செங்கல் அளவில் கறுப்பாக, ஒரு சிவப்பு விளக்கோடு இருக்குமே, அது ஜூலையிலேயே பஸ்ஸில் மேல் கம்பியிலிருந்து விழுந்து ஊமையாகிவிட்டது. அப்போதைய தலைமையாசிரியரை நாம் பெரிய சார் என்போம். அவரிடம் டீச்சர் வேறு பெட்டி கேட்டார். "எழுதிப் போட்டிருக்கேம்மா" என்றார் அவர்.

பள்ளிச் சுவருக்குப் பின்னால் பவுடர் கோட்டிங் ஷெட். இரும்புச் சாமானுக்குப் பெயிண்ட்டைப் பொடியாக அடித்து, சூட்டில் வைத்து எடுக்கிற இடம். அதன் பெரிய ப்ளோயர் காலையிலிருந்து சாயங்காலம்வரை "ம்ம்ம்ம்" என்று ஒரே சத்தமாக ஓடும். நம் வேப்பமரத்து இலை ஒரு வாரம் நீலமாகவும் மறு வாரம் ஆரஞ்சாகவும் இருக்கும். சுட்ட பெயிண்ட் வாசனையோடுதான் சத்துணவு சாப்பிட்டோம்.

ஒரு வியாழக்கிழமை டீச்சர் ஜன்னலருகே போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வாய்க்குள் ஏதோ முனகிப் பார்த்தார். பிறகு திரும்பிச் சிரித்தார்.

"அஞ்சு கட்டை சுருதி! கிட்டத்தட்ட. அது கீழ நிக்குது பாருங்க. நீங்க அதே ஸாவை மேல பிடிங்க."

அன்றிலிருந்து அந்த ப்ளோயர்தான் நம் சுருதிப் பெட்டி. வோல்டேஜ் குறைந்தால் நம் ஸாவும் கொஞ்சம் இறங்கும். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. உலகத்தில் எல்லாப் பாட்டு வகுப்புக்கும் பின்னால் ஒரு ஷெட் இருக்கும் என்றே நினைத்தோம்.

மூன்றாவது கட்டத்துக்கு நான் டிக் வாங்கிய கதை உங்களுக்கு மறந்திருக்காது. எல்லாரும் சிரித்தீர்கள். எங்கள் வீட்டில் பாட்டு கிடையாது. அப்பா இரும்புத் தகடு அடிக்கிற ப்ரெஸ் ஷாப்பிலிருந்து வந்தால் சாப்பாடு, தூக்கம். அம்மா ரோஜா கிரீன்ஹவுசில் பூக்களைக் கட்டாகக் கட்டுகிறவள்.

"எனக்கு என்னடா பாட்டு தெரியும்? எங்கம்மாவுக்கு வாயே கிடையாதுன்னு டீச்சர்கிட்ட சொல்லு" என்றாள் அம்மா.

"உனக்கா வாயில்ல? தெருவுல கேட்டுப் பாக்கட்டுமா?"

"அடிச்சேன்னா தெரியும்." கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "நாங்க பூ எண்றது இருக்குது. அது வேணா சொல்றேன்."

இருபது பூவுக்கு ஒரு கட்டு. அங்கே பாதிப் பெண்கள் தளி, ஜவளகிரிப் பக்கத்துக் கன்னடக்காரர்கள். அதனால் பத்துவரை கன்னடத்தில் எண்ணுவார்கள். பத்துக்கு மேல் தமிழ். இருபது வந்ததும் மட்டும் தெலுங்கில் "இரவை..." என்று இழுத்து, கட்டை அடுத்தவளிடம் தள்ளுவார்கள். ஏன் அப்படி என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. "அப்படித்தான் எண்ணுவோம்" என்றாள். நான் அதையே வகுப்பில் பாடினேன். வீட்டில் தெலுங்கு பேசுகிற என் பெஞ்சுக்காரன் டெஸ்க்கில் குப்புற விழுந்து சிரித்தான். டீச்சர் சிரிக்கவில்லை. கூடவே தொடையில் தட்டிப் பார்த்து, "தாளத்துல நிக்குதேப்பா!" என்று பச்சைப் பேனாவால் டிக் போட்டார். அடுத்த வாரம் முழுக்க நீங்களும் சத்துணவு வரிசையில் "ஒந்து, எரடு" என்று எண்ணிக்கொண்டு நின்றதை மறைக்காதீர்கள்.

ஆகஸ்டில் பெரிய சார் சார்ட்டுக்கு முன்னால் வந்து நின்றார். நல்ல மனிதர். நம்மில் ஒருவராவது உதவித்தொகைத் தேர்வில் தேற வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையும் வந்து கணக்கு நடத்தியவர். அவர் விரல் ஒரு வரிசையில் நின்றது. ரோஜாத் தோட்டத்து வாட்ச்மேனின் மகள், நம் வகுப்பின் நல்ல குரல். அவளுக்கு ஐந்து கட்டமும் நிறைந்திருந்தது.

"இந்தப் பொண்ணு எல்லாத்தையும் முடிச்சிட்டாளா?"

"முடிச்சிட்டா சார். அருமையா பாடறா" என்றார் டீச்சர், பெருமையாக.

"அப்புறம் எதுக்கு இங்க உக்காந்துகினு? இலக்கு எட்டியாச்சே. இந்தப் பீரியடுல கணக்கு ரூமுக்கு அனுப்பிடுங்க. இனிமே யார் முடிச்சாலும் அப்படியே."

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருடையது பகுதிநேர வேலை. வாயை மூடிக்கொண்டார்.

அவள் வீட்டில் கன்னடம். கோபம் வந்தால் தமிழ் மறந்துவிடும். "யாக்கே? யாக்கே நான் போகணும்? என்ன தப்பு பண்ணேன்?" என்றாள். பெரிய சார் போனதும் டீச்சரிடம் ஓடினாள். "டீச்சர், ஒரு டிக்க அழிச்சிடுங்க. எனக்குத் தாளம் வராது, வேணும்னா பாருங்க" என்று தொடையில் தாறுமாறாகத் தட்டிக் காட்டினாள்.

டீச்சர் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். "பேனாவுல போட்டுட்டேனே கண்ணு."

அதன் பிறகு நன்றாகப் பாடியவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். தீபாவளி வாக்கில் பாட்டு வகுப்பில் மிஞ்சியது பன்னிரண்டு பேர், பாட வராதவர்கள் மட்டும். பாடத் தெரிந்தவர்கள் எல்லாரும் பக்கத்து அறையில் பின்னம் கழித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவருக்கும் இதில் கோணல் தெரியவில்லை. நமக்கும் தெரியவில்லை. டிக் விழுந்தால் அறை மாற வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு நான்கு டிக் இருந்தது. ஐந்தாவது கட்டம் காலி.

அந்த வருடம்தான் என் குரல் உடைந்தது. ஸாவில் தொடங்கிப் பாவுக்கு ஏறுவதற்குள் தொண்டை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி ஆட்டுக்குட்டியாகவும் ஒரு பாதி டிராக்டராகவும் வெளியே வரும். பெஞ்சுக்காரன் என் வாய்க்குள் எட்டிப் பார்ப்பான். "ஏம்ரா, உள்ள ரெண்டு பேரு குடியிருக்கறீங்களா?"

டீச்சர் சில வாரம் பொறுத்தார். அப்புறம் "விளையாடாத" என்றார். ஒரு நாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில், "நீ வாயை மட்டும் அசை. சத்தம் வேணாம்" என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை என்று இன்று தெரிகிறது. பதின்மூன்று வயதில் பையன்களின் குரலுக்கு என்ன ஆகும் என்று அவருக்குக் கொடுத்திருந்த இலக்குத் தாளில் ஒரு வார்த்தைகூட இல்லை. அவருக்கும் யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். ஆனால் அன்று நான் தொட்டி மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினேன். சத்தம் வராமல் பாடுவது எவ்வளவு அலுப்பு என்பது செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

காலாண்டுத் தேர்வு முடிந்து பெற்றோர் கூட்டம் வந்தது. அப்பா ஷிஃப்ட் முடிந்த கையோடு, எண்ணெய்ச் சட்டையோடு வந்தார். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் டிக் தெரியும். ப்ரெஸ் ஷாப்பில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு செக் ஷீட் உண்டு. எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தால் லாரியில் ஏறும். ஒன்று காலியாக இருந்தாலும் சிவப்புத் தொட்டிக்குப் போகும்.

"உம் பேரு எங்கடா?"

காட்டினேன். ஆள்காட்டி விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தார். நான்கு தாண்டி நின்றார்.

"இது ஏன் காலி?"

"அது பாட்டுப்பா. சுருதி."

"பாட்டோ கூத்தோ, காலின்னா காலிதான். ரிஜெக்டு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முடிச்சவனெல்லாம் கணக்கு ரூமுக்குப் போறானாமே. உன் ஜோட்டுப் பசங்க அங்க இருக்கறாங்க. நீ மட்டும் இங்க குந்திக்கினு வாயைப் பொளந்துகினு இருக்கற. இதுக்கா உன்னை அனுப்புனோம்?"

அவர் விரலை எடுத்தபோது ஐந்தாவது கட்டத்தில் எண்ணெய்க் கறை. டிக் விழ வேண்டிய இடத்தில் அப்பாவின் ரேகை.

"வருஷக் கடைசிக் கூட்டத்துக்கும் வருவேன். அப்ப நிறைஞ்சிருக்கணும்."

"நிறைச்சிடறேன்பா."

சொன்ன மறுநாளே தொடங்கினேன். மதியம் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் பின்சுவருக்குப் போய்விடுவேன். ப்ளோயர் ஓடும்போது அந்தச் சுவர் நடுங்கும். முதுகைச் சாய்த்தால் நடுக்கம் நெஞ்சுக்கு வரும். மேலே ஏறினால்தானே உடைகிறது, கீழேயே நிற்போம் என்று ப்ளோயரின் சத்தத்தை அது நிற்கிற இடத்திலேயே பிடிக்கப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்".

முதல் சில நாள் என் சத்தமும் அதன் சத்தமும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. "வ்வா, வ்வா, வ்வா" என்று காதுக்குள் ஒரு துடிப்பு. குரலை ஒரு மயிரிழை இறக்கினால் துடிப்பு வேகமாகும். ஒரு மயிரிழை ஏற்றினால் மெதுவாகும். அதை மெதுவாக்கிக்கொண்டே போனேன். பெஞ்சுக்காரன் வந்து பார்த்துவிட்டு, "அந்தச் செவுத்தையே கட்டிக்கோரா, நான் சாட்சிக் கையெழுத்து போடறேன்" என்று போய்விட்டான்.

டிசம்பரில் ஒரு நாள் துடிப்பு நின்றது. அப்படியே நின்றது. என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. தொண்டை பாடிக்கொண்டிருக்கிறது என்று நெஞ்சில் கை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். மூச்சு முடிந்ததும் ப்ளோயர் மட்டும் தொடர்ந்தது. மறுபடி மூச்செடுத்து அதற்குள் நுழைந்தேன். மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. கணக்கு ரூமுக்குப் போவதற்காகத்தான் அதுவரை அந்தக் கட்டத்தை நிறைக்க நினைத்தேன். அன்று வகுப்புக்குத் தாமதமாக ஓடும்போது அந்த எண்ணம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ஆனால் அப்பாவிடம் சொன்ன சொல் அப்படியே இருந்தது.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் பார்வையிட வந்தார். பாட்டு, ஓவியம் போன்ற வகுப்புகளில் பிள்ளைகள் இலக்கை எட்டுகிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. சார்ட்டில் அத்தனை டிக்கைப் பார்த்து மகிழ்ந்து, "எல்லாரும் பாடுங்க, கேப்போம்" என்றார். அறையில் இருந்தது நாங்கள் பன்னிரண்டு பேர். பெரிய சார் கணக்கு ரூமுக்கு ஆள் அனுப்பி மற்றவர்களைக் கூட்டி வந்தார். நீங்கள் வந்து நின்றதைப் பார்த்தேன். விரலெல்லாம் மை. வாட்ச்மேன் மகள் ஆகஸ்டிலிருந்து இந்த அறையில் பாடவில்லை.

டீச்சர் கையை உயர்த்திவிட்டு, வழக்கம்போல ஜன்னலைப் பார்த்தார்.

ஜன்னலில் ஒன்றும் இல்லை. காக்கை கத்தியது. தூரத்தில் ஹைவேயில் ஒரு லாரி கியர் மாற்றியது. அன்று மாதாந்திர கரண்ட் ஷட்டவுன். ஷெட்டுக்கு லீவு விட்டிருந்தார்கள். மாதா மாதம் ஷட்டவுன் வருவதுதான். பாட்டு வகுப்பு நாளில் வந்தது அன்றுதான் முதல் தடவை. அந்த அறை அமைதியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று அதுவரை நமக்குத் தெரியாது.

டீச்சரே ஸா கொடுத்தார். முதல் வரியில் பிடித்துக்கொண்டோம். இரண்டாவது வரியில் நழுவியது. மூன்றாவதில் அறைக்குள் மூன்று ஸா. டீச்சர் நிறுத்தி மறுபடி கொடுத்தார். மறுபடி நழுவியது. முன்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். வாட்ச்மேன் மகள் பாதியில் நிறுத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். மேடம் தன் தாளில் ஏதோ எழுதக் குனிந்தார். டீச்சரின் கை அந்தரத்தில் இருந்தது.

நான் வாயை மூடியபடி "ம்ம்ம்" என்றேன்.

எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்காதீர்கள். நான்கு மாதம் சுவரில் சாய்ந்த முதுகுக்கு அது தெரிந்திருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ப்ளோயர் ஓடத் தொடங்கிவிட்டது என்றே பாதிப் பேர் நினைத்தீர்கள். பெஞ்சுக்காரன் மட்டும் என் நெஞ்சைப் பார்த்தான். வாட்ச்மேன் மகள் காதிலிருந்து கையை எடுத்தாள். அவள் முதலில் ஏறினாள். அவள் பின்னால் நீங்கள் எல்லாரும். மூச்சு முடியும்போது சத்தம் போடாமல் எடுத்துக்கொண்டு மறுபடி நின்றேன். முதல் வேகம், இரண்டாம் வேகம், கடைசி ஸாவரைக்கும் நழுவவில்லை.

மேடம் கை தட்டினார். பிறகு என்னைக் காட்டி, "அந்தப் பையன் மட்டும் வாயே திறக்கலையே. ஏம்மா?" என்றார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "மேடம், மத்தவங்க பாடினது அவன் மேல நின்னுதான். வாயை மட்டும் அசைடான்னு நான்தான் அவன்கிட்ட சொல்லி வெச்சிருந்தேன். தப்பு என்னுது."

ஒரு டீச்சர் தப்பு என்னுது என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

மேடம் தாளை மேலிருந்து கீழே பார்த்தார். "சுருதி பிடிச்சுக் குடுக்கறதுக்கு இதுல கட்டம் இல்லையேம்மா. தனியாப் பாடு தம்பி, பாப்போம்."

நான் நின்ற இடத்திலேயே, கீழேயே தொடங்கினேன். ஏறும்போது உடையவில்லை. ஒரே ஒரு இடத்தில் லேசாகக் கீறியது.

"சேந்துதான் இருக்குது. போடலாமே" என்றார் மேடம். டீச்சர் பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்துகொண்டு சார்ட்டுக்குப் போனார். அப்பாவின் எண்ணெய்க் கறைமேல் பேனா முனை. பெஞ்சுக்காரன் என் முதுகில் குத்தினான். "அய்யிபோயிந்திரா, முடிஞ்சுது. கணக்கு ரூமுக்கு வா."

"டீச்சர், வேணாம்" என்றேன்.

பேனா நின்றது. பெரிய சார் திரும்பினார். "என்னடா வேணாம்?"

"டிக்கு வேணாம் சார். போட்டா கணக்கு ரூமுக்குப் போகணும். நான் இங்கயே இருக்கறேன்."

"அது என்ன சார், பாடி முடிச்சா கணக்கு ரூம்?" என்று மேடம் கேட்டார். பெரிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லீங்க மேடம்... உதவித்தொகைத் தேர்வு... பசங்க நல்லதுக்கு..." என்றார். அது உண்மைதான். நம் நல்லதுக்குத்தான் செய்தார். மேடம் மையேறிய விரல்களோடு நின்ற பத்தொன்பது பேரையும், எங்கள் பன்னிரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வை போதுமாயிருந்தது.

அடுத்த செவ்வாய் மதிய மணி அடித்தபோது பெரிய சார் வராந்தாவில் நின்று, கொடிக்கம்பத்தை ரொம்ப நேரம் ஆராய்ந்துகொண்டிருந்தார். வாட்ச்மேன் மகள் அவர் முதுகுக்குப் பின்னால் நடந்து பாட்டு வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தாள். அவள் பின்னால் ஒவ்வொருவராக நீங்கள். அவர் திரும்பவே இல்லை. அந்த விதியை அவர் எடுத்துவிட்டார் என்று நாம் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

எனக்கு அப்பா பாக்கி இருந்தார்.

வருடக் கடைசிக் கூட்டத்துக்குச் சொன்னபடி வந்தார். சலவைச் சட்டை. நேராகச் சார்ட்டுக்குப் போனார். என் பெயர் எங்கே என்று இந்தத் தடவை கேட்கவில்லை, கறையை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். விரல் நகர்ந்தது. நாலு. நின்றது.

"இன்னும் காலியா?"

"போட வந்தாங்கப்பா. நான்தான் வேணாம்னேன்."

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். ப்ளோயர் நின்றது, எல்லாரும் நழுவியது, நான் பிடித்தது. ப்ரெஸ் ஷாப்பில் இத்தனை வருடம் இருந்ததில் அப்பாவுக்கு வலது காது மந்தம். இடது காதை என் பக்கம் திருப்பிக் கேட்டார். கேட்டு முடித்து, கறைமேலிருந்து விரலை எடுத்தார்.

"எங்க மெஷினுக்கு மேல ஒரு பீஸ் கட்டித் தொங்கும்டா. சாம்பிள் பீஸ். அதைப் பாத்துதான் மத்ததெல்லாம் சரியா இல்லையான்னு பாப்போம். அது லாரி ஏறாது. அதுக்கு யாரும் டிக் போட மாட்டான்."

நான் தலையை ஆட்டினேன்.

"அதுக்காகக் கணக்குல மார்க்கு குறைஞ்சுதுன்னு வெய்யி, தோலை உரிச்சு அதே மாதிரி தொங்க விட்டிருவேன்."

குறையவில்லை.

இத்தனையும் உங்களுக்கு இப்போது ஏன் என்றால், வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு என்னோடு நான்கு பேராவது வர வேண்டும். ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள முடிந்தவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள். தாளின் கடைசியில் இருக்கும் அந்தக் குறிப்பை அடிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். நன்றாகப் பாடுகிறவளைப் பாட்டிலிருந்து எடுக்கிற குறிப்பு அது. யார் எழுதினார்களோ, அவரும் நல்லதுக்குத்தான் எழுதியிருப்பார். அதனால்தான் பேசிப் புரியவைக்க வேண்டும். ஒருவன் சொன்னால் பழங்கதை என்பார்கள். ஐந்து பேர் சொன்னால் கேட்பார்கள்.

நேற்று அந்தத் தாளை வீட்டு மேசையில் வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா டீ டம்ளரோடு வந்து நின்று, விரலால் வரிகளை எண்ணினார்.

"அன்னைக்கு அஞ்சுதானேடா இருந்துது? இதுல ஆறு இருக்குது."

"ஆறாவது நான் எழுதினதுப்பா."

"என்னன்னு?"

"குரல் உடையற பையனை வாயை மூடச் சொல்லாம, கீழ நிக்க ஒரு இடம் குடுக்கணும்னு."

அப்பா டீயை ஒரு வாய் குடித்தார்.

"பென்சில்லயா எழுதின, பேனாவுலயா?"

"பேனாவுலதாம்பா."